பேட்டரி வண்டி வாங்கலாமா? ஒரு எருமப்பட்டிக் கணக்கு



"நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, பெட்ரோல் வண்டி எடுக்கலாமா, பேட்டரி வண்டி எடுக்கலாமா, சொல்லு." நம்மில் பாதிப் பேர் வீட்டுல இந்தக் கேள்வி இந்நேரம் வந்திருக்கும். வரலைன்னா சீக்கிரம் வரும். "ட்ரெண்டு அதுதாம்ப்பா"ன்னு சொல்லிட்டு நழுவிட முடியாது. ஒரு லட்சத்தை ஒட்டிய பணம். பெரும்பாலும் கடன்ல எடுக்கிற பணம். அதனால கணக்குப் போட்டு பதில் சொல்லப் பழகுவோம். கணக்குக்கு எங்க ஊர் எருமப்பட்டியையே எடுத்துக்கிறேன். உங்க ஊர் ராசிபுரமா, முசிறியா, ஆத்தூரா இருந்தாலும் எண்களை மாத்திப் போட்டா போதும்.

முதல் கணக்கு: பணம்

எருமப்பட்டியில இருந்து நாமக்கல் போய் வர சுமார் 30 கி.மீ. மாசத்துக்கு 25 நாள்னா 750 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. தர்ற பெட்ரோல் வண்டிக்கு ஏறத்தாழ 17 லிட்டர் வேணும். லிட்டர் 100 ரூபாய்னு வெச்சா 1,700 ரூபாய்க்குப் பக்கம் ஆகுது.

பேட்டரி ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட் மணி எடுக்கும். ஆயிரம் வாட் மணிதான் நம்ம கரண்ட் பில்லுல வர்ற ஒரு யூனிட். 750 கி.மீ.க்கு 22.5 யூனிட். சார்ஜ் ஆகும்போது சூடா வீணாவதையும் சேர்த்தா 26 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டாலும் 208 ரூபாய்தான்.

ஆக மாசம் 1,450 ரூபாய் அளவுக்கு மிச்சம். வருஷத்துக்கு 17,500. நாலு வருஷத்துல 70,000. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வாரண்டி முடிஞ்ச கையோட, நாலாவது வருஷம் பேட்டரி படுத்துட்டா? பல மாடல்கள்ல புது பேட்டரி அரை லட்சத்தைத் தாண்டுது. மிச்சம் பிடிச்சதுல பெரும்பகுதி அங்கேயே போயிடும். அதனால "வண்டி வாங்கலாமா?"ங்கிற கேள்விக்கு உண்மையான பொருள், "இந்த பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்?" என்பதுதான். அதைச் சொல்லணும்னா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியணும்.

முட்டை அட்டையும் லித்தியமும்

நாமக்கல்காரங்களுக்கு லித்தியம் அயான் பேட்டரியைப் புரிய வைக்க முட்டை லாரியே போதும்.

ரெண்டு லாரி எதிரெதிரா நிக்குதுன்னு வெச்சுக்குங்க. ரெண்டுலயும் முட்டை அட்டைகள் அடுக்கடுக்கா இருக்கு. ஒரு லாரி கிராஃபைட், அதாவது நெகட்டிவ் பக்கம். கார்பன் அணுக்கள் தாள் தாளா அடுக்கி இருக்கும். ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம்னு அந்த இடுக்குகள்ல உட்காரும். இன்னொரு லாரி பாசிட்டிவ் பக்கம், ஏதோ ஒரு உலோக ஆக்சைடோ பாஸ்பேட்டோ. நடுவுல எலக்ட்ரோலைட் திரவமும், ரெண்டு பக்கமும் ஒட்டிக்காம தடுக்க மெல்லிய பிளாஸ்டிக் சவ்வும் இருக்கும்.

வண்டி ஓடும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அட்டையை விட்டு, திரவத்தின் வழியா எதிர் லாரிக்குப் போகும். எலக்ட்ரானால அந்தத் திரவத்தின் வழியா போக முடியாது. அது வெளியே கம்பி வழியா சுத்திப் போகும். போற வழியில மோட்டாரைச் சுத்தி விட்டுட்டுப் போகும். அவ்வளவுதான் பேட்டரி! சார்ஜ் போடுறதுன்னா முட்டைகளை மறுபடியும் பழைய லாரிக்கே ஏத்துறது.

காலி அட்டையா இருக்கும்போது ஆட்கள் மளமளன்னு அடுக்குவாங்க. கடைசி சில அட்டைகள் மட்டும் மிச்சம் இருக்கும்போது, காலிக் குழி எங்கேன்னு தேடித் தேடி வைக்கணும், வேகம் குறையும். ஃபாஸ்ட் சார்ஜிங் 80 சதவீதத்துக்கு மேல ஏன் மெதுவாகுதுன்னா இதனாலதான். அங்கேயும் அவசரப்பட்டு ஏத்துனா முட்டை உடையும். பேட்டரியில லித்தியம் இடுக்குக்குள்ள போகாம கிராஃபைட்டின் மேலேயே உலோகமா படிஞ்சிடும். படிஞ்ச லித்தியத்தில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது. ஊசி மாதிரி வளர்ந்து சவ்வைக் குத்துற ஆபத்தும் உண்டு.

எந்த லாரி, எந்த அட்டை?

"லித்தியம் பேட்டரி"ன்னு கடையில ஒரே பேர்ல சொன்னாலும், பாசிட்டிவ் பக்கம் என்ன பொருள்ங்கிறதுலதான் ஜாதகமே இருக்கு. இந்தக் கதையில நம்ம ஆட்களும் இருக்காங்க.

1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்எனஃப் குழு, லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டுபிடித்தது. 1991இல் சோனி நிறுவனம் அதை வைத்து முதல் வணிக பேட்டரியை விற்றது. உங்க ஃபோன்ல இருக்கிறது பெரும்பாலும் அந்த வம்சம்தான். எடை குறைவு, ஆற்றல் அதிகம். ஆனா கோபால்ட் விலை அதிகம், கிடைப்பதும் பெரும்பாலும் காங்கோவில். சூடு ஏறினா ஆக்சிஜனை வெளியே விடும். தீக்கு ஆக்சிஜன் கொடுத்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

கோபால்ட்டுக்குப் பதிலா மலிவான இரும்பைப் போட்டா? இரும்பு ஆக்சைடில் வோல்டேஜ் 2.5க்குக் கீழே தங்கிடும். இங்கேதான் அருமுகம் மந்திரம் வர்றார். தென் தமிழகத்தின் ஒரு சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். 1980களின் பிற்பகுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்எனஃபுடன் சேர்ந்து வெறும் ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட் போன்ற தொகுதிகளைப் போட்டுப் பார்த்தார். அதே இரும்பு, 3.6 வோல்ட் கொடுத்தது. கந்தகம் ஆக்சிஜனை இறுக்கமா தன் பக்கம் இழுத்துப் பிடிப்பதால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்ந்து, வோல்டேஜ் மேலே ஏறுது. பள்ளிக்கூடத்துல படிச்ச தூண்டல் விளைவு ஞாபகம் இருக்கா? அதேதான்!

அந்தப் பாதையில்தான் 1997இல் பாதி, நஞ்சுண்டசாமி, குட்எனஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். இன்னைக்கு எல்எஃப்பின்னு நாம சொல்றது அதுதான். ஆரம்பத்துல அதுக்கு ஒரு பெரிய குறை, மின்சாரத்தைச் சரியா கடத்தாது. துகள்களைப் பொடியாக்கி, மேலே கார்பன் பூசிய பிறகுதான் வேலைக்கு ஆச்சு. 2019இல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தபோது, 97 வயதான குட்எனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான்.

கடையில நீங்க பார்க்கப் போற ரகங்கள் இவைதான்:

லெட் ஆசிட்: கிலோவுக்கு 30 முதல் 40 வாட் மணி. லாரி ஸ்டார்ட் பண்ண அருமையான பேட்டரி, ஏன்னா அங்கே சில நொடிக்கு நிறைய கரண்ட் கொடுத்தா போதும். தினமும் அடிவரைக்கும் காலி பண்ணா சில நூறு தடவையிலேயே தளர்ந்திடும். மருந்தடிக்கிற பேட்டரி ஸ்ப்ரேயர்ல வருஷா வருஷம் பேட்டரி மாத்துறதைப் பார்த்திருப்பீங்க. ஒன்றரை யூனிட் வேணும்னா 40 கிலோ எடை சுமக்கணும்.

என்எம்சி: நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூணும் கலந்தது. செல் அளவில் கிலோவுக்கு 220 முதல் 260 வாட் மணி வரை. எடை குறைவா, தூரம் அதிகமா வேணும்னா இது.

எல்எஃப்பி: கிலோவுக்கு 150 முதல் 180 வரை. எடை கூடும். ஆனா பாஸ்பரஸ் ஆக்சிஜனை விடாம பிடிச்சு வெச்சிருக்கும், அதனால சூட்டைத் தாங்கும். ரெண்டாயிரம் சுழற்சிக்கு மேலயும் உழைக்கும். கோபால்ட்டும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம்.

நம்ம ஊர் எதிரி: தூரம் இல்லை, வெயில்

இப்போ ரெண்டாவது கணக்கு. முழு சார்ஜுக்கு 100 கி.மீ. ஓடுற வண்டி. தினமும் 30 கி.மீ.ன்னா ஒரு நாளைக்கு 0.3 சுழற்சி. வருஷம் 300 நாளுக்கு 90 சுழற்சி. பேட்டரிக்கு ஆயிரம் சுழற்சி ஆயுள்னு வெச்சாலும் 11 வருஷம் வரணும்! அப்புறம் ஏன் நாலஞ்சு வருஷத்துலயே தளர்ந்துபோன கதைகளைக் கேட்கிறோம்?

பேட்டரிக்கு ரெண்டு வயசு உண்டு. ஒண்ணு, ஓடி ஓடித் தேயுறது. இன்னொண்ணு, சும்மா நின்னாலும் கூடுற வயசு. கிராஃபைட்டின் மேல ஒரு மெல்லிய படலம் படியும். அந்தப் படலம் அவசியம்தான், கிராஃபைட்டைப் பாதுகாக்கிறதே அதுதான். ஆனா அது தடிச்சுக்கிட்டே போகும்போது லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். இது ஒரு வேதிவினை. 10 டிகிரி சூடு கூடினா வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தோராயமான விதி. 25 டிகிரியில வெச்ச பேட்டரிக்கு ஒரு வருஷத்துல ஆகிற முதுமை, 45 டிகிரியில மூணே மாசத்துல வந்திடும்.

இப்போ ஏப்ரல், மே மாசத்தை நினைச்சுப் பாருங்க. நிழல்லயே 40 டிகிரியைத் தொடுற ஊரு நம்மது. தகரக் கொட்டகைக்குக் கீழே மதியம் நிக்கிற வண்டி எவ்வளவு சூடாகும்? அதுலயும் முழு சார்ஜோட நின்னா இன்னும் மோசம், ஏன்னா முழுசா நிரம்பின செல்லுல வினை வேகமா நடக்கும். காலையில 100 சதவீதம் ஏத்தி, 15 கி.மீ. ஓட்டி, வெயில்ல எட்டு மணி நேரம் நிறுத்துறோம். ஓட்டுனதால ஆகிற தேய்மானத்தை விட நிறுத்தினதால ஆகிறதுதான் அதிகம்.

அதனால எருமப்பட்டிக்காரர் ஷோரூம்ல "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?"னு கேட்கிறதுக்கு முன்னாடி, "வெயில்ல எத்தனை வருஷம் தாங்கும்?"னு கேட்கணும்.

கொல்லிமலை ஏறுமா?

இதையும் எல்லாரும் கேட்பாங்க. எங்க ஊர்ல வடக்கே பார்த்தா கொல்லிமலை. காரவள்ளி வழியா 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்துல இருந்து மேலே போக உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர்.

வண்டியும் ரெண்டு பேரும் சேர்த்து 250 கிலோ. 250 × 9.8 × 1000 = 24.5 லட்சம் ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஆக உயரத்துக்கு மட்டும் 0.68 யூனிட். மோட்டார், கன்ட்ரோலர் இழப்பெல்லாம் சேர்த்தா 0.85. மூணு யூனிட் பேட்டரியில கால் பங்குக்கு மேல உயரமே தின்னுடும். தூரத்துக்கான கணக்கு தனி. ஆற்றல் போதும், ஆனா தொடர்ந்து ஏறும்போது மோட்டாரும் பேட்டரியும் சூடாகும். சூடானா வண்டியே தன் வேகத்தைக் குறைச்சுக்கும். அது பழுது இல்லை, பாதுகாப்பு.

இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டரா மாறி கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். இதுல ஒரு சூட்சுமம்: மலை மேலயே 100 சதவீதம் சார்ஜ் போட்டுட்டு இறங்கினா அந்தக் கரண்டை வாங்கிக்க பேட்டரியில இடம் இருக்காது. முழு பாரமும் பிரேக் மேலதான் விழும். மேலே சார்ஜ் போட்டா 80, 85ல நிறுத்திட்டு இறங்குங்க.

தீ: பயமும் பதிலும்

2022 மார்ச்சில் வேலூரில், புதிதாக வாங்கிய மின்ஸ்கூட்டரை வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்தபோது தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தக் கோடையில் நாட்டின் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அம்மாக்கள் "வேண்டாம்"னு சொன்னா அதுல தப்பே இல்லை.

உள்ளே நடக்கிறது இதுதான். ஏதோ ஒரு செல்லில் உள் ஷார்ட் ஏற்படும், அல்லது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். நூறு டிகிரியை ஒட்டி அந்தப் பாதுகாப்புப் படலம் சிதையும். 130ஐ ஒட்டி பிளாஸ்டிக் சவ்வு உருகும். ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும். இன்னும் சூடு ஏறும். பாசிட்டிவ் பக்கம் ஆக்சிஜன் விட ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் வெளிக்காற்றே வேண்டாம், தானா எரியும். பக்கத்து செல்லும் சூடாகி அதே வழியில போகும். என்எம்சியில் இது 200 டிகிரி சுமாருக்கே தொடங்கலாம். எல்எஃப்பிக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதல் சூடு வேணும், எரியும் வேகமும் குறைவு. ஆனா எல்எஃப்பி எரியவே எரியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உள்ளே இருக்கிற திரவம் எரியக்கூடியதுதான்.

இதைத் தடுக்கிற காவல்காரன் பிஎம்எஸ் என்கிற மின்சுற்று. 51 வோல்ட் எல்எஃப்பி பேட்டரியில் 16 செல் வரிசையா இருக்கும். அதுல ஒண்ணு பலவீனமானா, மத்த 15 நல்லா இருந்தாலும் அந்த ஒண்ணு முதல்ல காலியாகும், முதல்ல நிரம்பும். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சூட்டையும் பார்த்து, சமன் பண்ணி, ஆபத்துன்னா சுற்றைத் துண்டிப்பது பிஎம்எஸ் வேலை.

2022 சம்பவங்களுக்குப் பிறகு மத்திய அரசு ஏஐஎஸ்-156 விதியைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என ரெண்டு கட்டமா நடைமுறைக்கு வந்துச்சு. ஒரு செல் தீப்பிடிச்சா மத்ததுக்கு எப்படிப் பரவுதுங்கிற சோதனை, தண்ணி புகாத பெட்டி, வாயு வெளியேற வழி, பிஎம்எஸ் சோதனை எல்லாம் அதுல உண்டு. ஆனா பதிவும் லைசென்ஸும் தேவைப்படாத 25 கி.மீ. வேக ரக வண்டிகளுக்கு இந்தச் சோதனைகள் நடந்திருக்கும்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க. கேட்டு, காகிதத்துல வாங்குங்க.

அடுத்து என்ன வருது?

2010இல் ஒரு யூனிட் அளவு பேட்டரி ஆயிரம் டாலருக்கு மேல இருந்தது. 2024இல் உலகச் சராசரி 115 டாலர். இந்தச் சரிவுக்குப் பெரிய காரணம் அதிசயக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. தொழிற்சாலையின் அளவும், எல்எஃப்பியும்தான்.

சோடியம் அயான்: லித்தியத்துக்குப் பதிலா உப்பில் இருக்கிற சோடியம். 2021இல் சீனாவின் சிஏடிஎல் கிலோவுக்கு 160 வாட் மணி செல்லை அறிவித்தது. செம்புத் தகட்டுக்குப் பதில் ரெண்டு பக்கமும் அலுமினியமே போதும். உப்பு மலிவுன்னா உடனே பேட்டரியும் மலிவுன்னு அர்த்தம் இல்லை. சோடியம் கிராஃபைட் இடுக்குல சரியா உட்காராது, அதுக்கு ஹார்ட் கார்பன்னு வேற கார்பன் வேணும். அந்தக் கார்பனைத் தேங்காய் ஓடு மாதிரி தாவரக் கழிவுகளைக் கருக்கியும் செய்றாங்க.

திட எலக்ட்ரோலைட்: எரியக்கூடிய திரவத்தை எடுத்துட்டு திடப்பொருளை வைப்பது. திடப்பொருள் ரெண்டும் இடைவெளி இல்லாம ஒட்டிக்கிட்டே இருக்கணும். செல் சுருங்கி விரியும்போது அதுதான் சிரமம். இதுக்காக வண்டி வாங்குறதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற விஷயம்னு நினைக்காதீங்க. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கு. 2018 ஜூனில் தன் லித்தியம் அயான் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் போட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த வேதி, மின்வேதிப் பொறியியல் பி.டெக். படிப்பும் அங்கே உண்டு. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா. வண்டி இங்கே ஓடுது. செல்லுக்கு மட்டும் நாடு இன்னமும் பெருமளவு இறக்குமதியை நம்பி இருக்கு. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது நம்ம தலைமுறை.

கடைக்குப் போகும்போது கேட்க ஐந்து கேள்வி

1. செல் எந்த ரகம், எல்எஃப்பியா என்எம்சியா? "லித்தியம்"னு மட்டும் பதில் வந்தா மறுபடியும் கேளுங்க.
2. பேட்டரி எத்தனை யூனிட்? அதை 30 வாட் மணியால வகுத்தா உண்மையான தூரம் வரும். விளம்பரத் தூரம் வேண்டாம்.
3. வாரண்டி எத்தனை வருஷம்? எத்தனை சதவீதத் திறனுக்குக் கீழே இறங்கினா மாத்தித் தருவாங்க? எழுத்துல இருக்கா?
4. இன்னைக்குத் தேதியில புது பேட்டரி என்ன விலை?
5. சர்வீஸ் நாமக்கல்லயா, சேலத்துலயா? பேட்டரியைத் திறந்து பார்க்கிற ஆள் அங்கே இருக்காரா?

வீட்டுக்கு வந்த பிறகு: நிழல்ல நிறுத்துங்க. ஓடி வந்த சூட்டோட சார்ஜ் போடாம அரை மணி நேரம் ஆறவிடுங்க. தினசரிக்கு 80, 90 சதவீதம் போதும். எல்எஃப்பியா இருந்தா, தயாரிப்பாளர் சொல்ற இடைவெளியில ஒரு தடவை முழுசா ஏத்துங்க, அப்போதான் பிஎம்எஸ் அளவைச் சரியா காட்டும். வேற சார்ஜர் வேண்டாம். தூங்குற அறையிலயும், வெளியே போற வாசலை மறிச்சும் சார்ஜ் போடவே போடாதீங்க. பேட்டரி உப்பினாலோ, கருகின வாசம் வந்தாலோ தொடாம விலகி, சர்வீஸுக்குச் சொல்லுங்க. பழைய பேட்டரியைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீங்க. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிப்படி அதை மறுசுழற்சிக்குச் சேர்க்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

கடைசியா, புராஜெக்ட் தேடுறவங்களுக்கு ரெண்டு யோசனை. ஒண்ணு: நூறு ரூபாய் டெம்பரேச்சர் சென்சரும் ஒரு ஆர்டுயினோவும் வாங்கி, தகரக் கொட்டகையிலயும் வேப்பமர நிழல்லயும் நிறுத்தின வண்டிகளின் பேட்டரிப் பெட்டிச் சூட்டை மே மாசம் முழுக்கப் பதிவு பண்ணுங்க. நிழலுக்கு எத்தனை ரூபாய் மதிப்புன்னு எண்ணா வந்திடும். ரெண்டு: நம்ம சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள்ல மிஞ்சுற மரவள்ளித் திப்பியை ஹார்ட் கார்பனாக்க முடியுமான்னு கெமிஸ்ட்ரி லேப்ல கேட்டுப் பாருங்க.

முதல் புராஜெக்டை யாராவது செஞ்சா அளவுகளை நம்ம இதழுக்கு அனுப்புங்க. எருமப்பட்டி வெயிலோட உங்க ஊர் வெயிலையும் வெச்சு ஒரு அட்டவணை போட்டுடலாம். அடுத்து வண்டி வாங்கப் போற நம்ம வீட்டுக்காரங்களுக்கு அது உதவும்.